காலம் கடந்த கௌரவம்!

குடியரசுத் தலைவர் மாளிகையில் 2024 ஆகஸ்ட் 22-ஆம் தேதி நடைபெற்ற விழாவில் முதலாவது தேசிய அறிவியல் விருதுகளை, அதாவது 'ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார்' விருதுகளை, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். உயிர்வேதியியல் அறிஞர் ஜி. பத்மநாபனுக்கு 'விஞ்ஞான் ரத்னா', 13 பேருக்கு 'விஞ்ஞான் ஸ்ரீ', 45 வயதுக்கு உள்பட்ட 18 பேருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயரிலான 'விஞ்ஞான் யுவா', சந்திரயான்-3 குழுவினருக்குக் கூட்டு விருது என மொத்தம் 33 விருதுகள் அன்று அளிக்கப்பட்டன. பத்ம விருதுகளுக்கு நிகரான மரியாதை அறிவியலுக்கும் கிடைக்க வேண்டும் என்கிற நோக்கம் பாராட்டுக்குரியது. விருது பெற்றவர்களின் தகுதி குறித்தும் இரு வேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், இந்த ஏணியின் முதல் படியே முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்குத்தான் எட்டுகிறது. அதற்குக் கீழே, முதுநிலைப் பட்டப் படிப்பிலும் முனைவர் பட்ட ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருக்கும் மாணவர்களுக்கு இதில் இடமில்லை. மற்ற துறைகளில் இது ஒரு குறை மட்டுமே. காடு, நீர், மண், வன உயிரினம், மீன்வளம் ஆகிய இயற்கை வளங்களை ஆராயும் துறைகளிலோ இது ஈடு செய்ய முடியாத இழப்பு. ஏனெனில், இத்துறைகளில் நாட்டுக்குத் தேவையான அடிப்படைத் தரவுகளில் பெரும் பகுதியை வெயிலிலும் மழையிலும் நின்று சேகரிப்பவர்கள் மாணவர்கள்தான்.

இந்த நிலை எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள 2022-க்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில், மத்திய உள்துறைச் செயலர் தலைமையில் அறிவியல் சார்ந்த அமைச்சகங்களின் செயலர்கள் கூடி, அரசுத் துறைகள் வழங்கிவந்த ஏறத்தாழ 300 விருதுகளை ஆய்வு செய்தனர். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட விருதுகள் இருந்தன. தனியார் அறக்கட்டளை நிதியிலிருந்து வழங்கப்பட்டவை உள்ளிட்ட பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, எண்ணிக்கையில் குறைந்த, மதிப்பில் உயர்ந்த விருதுகளை ஏற்படுத்துவது என்று முடிவெடுக்கப்பட்டது. அந்த முடிவின் தொடர்ச்சியே 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய அறிவியல் விருது.

விருதுகளைக் குறைக்க வேண்டும் என்கிற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தில்லியிலும் பிற நகரங்களிலும் பெயர்ப் பலகையும் இணையதளமும் மட்டுமே உள்ள சங்கங்கள், பதிவுக் கட்டணம் பெற்றுக்கொண்டு 'இளம் விஞ்ஞானி' பட்டங்களை வாரி வழங்குவது கல்வித் துறை அறிந்த ரகசியம். கருத்தரங்குக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் அனைவருக்கும் ஏதேனும் ஒரு சான்றிதழ் உறுதி என்கிற நிலையில், உண்மையாக உழைத்த மாணவரின் சான்றிதழும் மதிப்பிழந்து போகிறது. அரசு தனது விருதுகளைச் சீரமைக்க முற்பட்டதைக் குறை கூற முடியாது. ஆனால், களையைப் பறிக்கும்போது நாற்றும் சேர்ந்து போய்விடக் கூடாது. அறக்கட்டளை நிதியிலான சிறிய பரிசுகள் தொகையில் சிறியவையாக இருக்கலாம். தலைநகரின் வெளிச்சத்துக்கு வெகு தொலைவில் உழைக்கும் ஓர் இளைஞருக்கு அவை அளிக்கும் ஊக்கம் சிறியதல்ல.

இயற்கை வள ஆராய்ச்சிக்கு மட்டும் தனிச் சலுகை கோருவது ஏன் என்கிற கேள்வி எழலாம். ஆய்வகத்தில் பரிசோதனை தவறினால் அடுத்த வாரம் மீண்டும் செய்து பார்க்கலாம். பருவமழையை நம்பி நடத்தப்படும் ஆய்வில் ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போயிற்று. சரணாலயத்துக்குள் நுழைந்து ஆய்வு நடத்த, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தந்த மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பு நகரும் வரை உதவித்தொகைக் காலம் கரைந்துகொண்டே இருக்கும். அனுமதி கிடைத்த பிறகு ஜீப்புக்கு எரிபொருள், உடன் வரும் பழங்குடி வழிகாட்டிக்கு ஊதியம், தானியங்கி கேமராக்கள், தங்குமிடம் என ஒவ்வொன்றுக்கும் பணம் தேவை. யானை நடமாடும் பாதையில் தினமும் நடப்பவருக்கு ஆபத்தும் உண்டு. இவ்வளவையும் கடந்து எழுதப்படும் ஆய்வேடு, பல நேரங்களில் பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

அந்த ஆய்வேடுகளில் என்ன இருக்கிறது என்பதை நாடு அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது. 2024-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, நாட்டில் ஆய்வு செய்யப்பட்ட 6,746 அலகுகளில் 751 அலகுகள், ஆண்டுதோறும் ஊறும் நீரை விடக் கூடுதலாக உறிஞ்சப்படுபவை. ஓர் ஒன்றியம் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை அறிக்கை சொல்லும். அங்கு எந்தப் பாறை இடுக்கில் நீர் தங்குகிறது, எந்த ஏரியைத் தூர்வாரினால் எந்தக் கிணறு ஊறும் என்பதை, அந்த மண்ணில் இரண்டு மழைக்காலங்களைக் கழித்த ஆய்வாளரே சொல்ல முடியும்.

காடுகளின் கதையும் இதுதான். 2023-ஆம் ஆண்டுக்கான இந்திய வனநிலை அறிக்கை, நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம் காடு என்றும், காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் 25.17 சதவீதம் என்றும் கூறுகிறது. ஆனால், ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் மரக் கிளைகளின் நிழல் 10 சதவீதத்தை எட்டிவிட்டால், அது என்ன மரம், யாருடைய நிலம் என்கிற பேதமில்லாமல் அந்தக் கணக்கில் காடாகிவிடும். சோலைக் காட்டையும் தைலமரத் தோப்பையும் பிரித்தறிய வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அங்கு நடந்து சென்று பார்த்தாக வேண்டும். அந்த 'யாரேனும் ஒருவர்' பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவர்தான்.

உரிய காலத்தில் கிடைக்கும் அங்கீகாரம் என்ன செய்யும் என்பதற்கு இ.கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கையை விடச் சிறந்த சான்று தேவையில்லை. 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையின் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அவர். ஆசியப் பெண்களின் உயர் கல்விக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை 1920-களில் அவருக்குக் கிடைத்தது. அங்கு முதுநிலைப் பட்டமும் 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றுத் திரும்பிய அவர், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆற்றிய பணியும், சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பும் உலகப் புகழ் பெற்றவை. பின்னர் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். முதிய வயதில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தவர்களிலும் ஒருவர்.

அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது 1977-இல். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விருது அவரது பெருமைக்குப் பொருத்தமானதுதான். ஆனால், அவரை விஞ்ஞானி ஆக்கியது 1977-இன் பதக்கமல்ல. இளம் ஆசிரியை ஒருவரை நம்பி அளிக்கப்பட்ட அந்த மாணவர் உதவித்தொகையே. 1999-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரில் வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதை நிறுவியது. அது தங்கள் துறையில் ஏற்கெனவே தடம் பதித்தவர்களைத் தேடிச் செல்லும் விருது. அவர் பணியாற்றிய இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு மையமோ, வளரும் நாடுகளின் முதுநிலை ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. ஒரே பெயர், ஓரிடத்தில் அது முடிந்த பயணத்துக்கான மரியாதை, மற்றோரிடத்தில் தொடங்கும் பயணத்துக்கான வழிச்செலவு.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நெல்லைச் சீமையின் நாங்குநேரியைச் சேர்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர் காட்டில் தங்கி, செந்நாய்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு நடத்தினார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை அறிவியல் முறையில் களத்தில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவர் போற்றப்படுகிறார். பின்னர் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையும் வன அதிகாரிகளையும் உருவாக்கிய அவர், 2024 ஜூனில் மறைந்தார். பாதுகாப்பு உயிரியல் சங்கம் போன்ற சர்வதேச அமைப்புகளின் விருது அவரை வந்தடைந்தது 2004-இல், அதாவது செந்நாய் ஆய்வு முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

சாம்ராஜ்நகர், சத்தியமங்கலம் பகுதிகளில் யானைகளுக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான மோதலை ஆராய்ந்து, 1985-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ராமன் சுகுமார். ஆசிய யானைகள் குறித்த இன்றைய புரிதலின் அடித்தளங்களில் ஒன்று அந்த மாணவப் பருவ ஆய்வு. அவருக்கு ஜப்பானின் சர்வதேச காஸ்மாஸ் பரிசு கிடைத்தது 2006-இல். இவர்கள் இருவரும் விருதுக்காகக் காத்திருக்காமல் காட்டிலேயே நிலைத்தவர்கள். வறுமையாலும் நிச்சயமின்மையாலும் ஆய்வைப் பாதியில் கைவிட்டு, போட்டித் தேர்வுக்கோ வேறு வேலைக்கோ திரும்பியவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த நிச்சயமின்மையைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமல்ல. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே நேரத்தில், தேசியத் தகுதித் தேர்வு வழியாக வராமல் மத்திய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வழங்கிய தொகை 8,000 ரூபாயாகவே நீடித்தது. மறுபுறம், ஐஐடி, இந்திய அறிவியல் கழகம் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கான பிரதமரின் ஆராய்ச்சி உதவித் திட்டம் மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய் வரை அளிப்பதாக 2018-இல் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் கீழ் ஐந்தாண்டுகளில் 10,000 பேருக்கு உதவி வழங்கப்படும் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட் அறிவித்தபோதும், ஐஐடிக்களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் நடக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு என்றே அது கூறியது. வனவியல் கல்லூரி மாணவரும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வாளரும் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அறிவிக்கப்பட்ட தொகையும் மாதாமாதம் வந்து சேர்வதில்லை என்று ஆராய்ச்சி மாணவர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டு வருவது வேதனைக்குரியது.

முன்மாதிரிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காக ஜவாஹர்லால் நேரு பெயரில் பரிசு வழங்கிவந்தது. அதில் இயற்கை வள மேலாண்மையும் ஒரு பிரிவு. தங்கள் ஆய்வைச் சாமானியருக்கும் புரியும்படி எழுதும் ஆராய்ச்சி மாணவர்களுக்காக அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் 'அவ்சர்' என்கிற போட்டியைத் தொடங்கியது. பெங்களூரில் 2010 முதல் நடத்தப்பட்டுவரும் இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டில், மாணவர்களே மேடையேறித் தங்கள் ஆய்வை விளக்குகிறார்கள். சிறந்த உரைகளுக்கும் விளக்கப் படங்களுக்கும் பரிசு உண்டு. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009-இல் மறைந்த ரவி சங்கரனின் நினைவாக, இன்லாக்ஸ் அறக்கட்டளை இளம் களப் பணியாளர்களுக்கு உதவி வருகிறது. அந்தமான் நிகோபார் தீவுகளில் உழவாரக் குருவிகளைப் பின்தொடர்ந்த ஒருவரின் பெயர், அதே வழியில் நடக்கப்போகும் இளைஞர்களுக்குத் துணையாவதே அவருக்கான உண்மையான நினைவுச் சின்னம்.

இவை தனித்தனித் தீவுகளாக இருப்பதுதான் குறை. தேசிய அறிவியல் விருதின் ஓர் அங்கமாக, காடு, நீர், மண், வன உயிரினம், கடலும் மீன்வளமும் என ஐந்து பிரிவுகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான விருதை மத்திய அரசு ஏற்படுத்த வேண்டும். அது இரண்டு கட்டமாக அமைவது நல்லது. களப்பணி தொடங்கும்போது சிறந்த ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு தொகை. ஆய்வேடு நிறைவடையும்போது சிறந்த ஆய்வுக்குப் பரிசு. ஆண்டுக்கு 50 மாணவர்களுக்குத் தலா இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினாலும் செலவு ஒரு கோடி ரூபாய்தான். ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்கிற மதிப்பீட்டுடன் 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

தொகையை விட முக்கியமானது தேர்வு முறை. விண்ணப்பக் கட்டணம் கூடாது. வழிகாட்டியின் பரிந்துரை ஒன்றை மட்டுமே நம்பியிருக்கவும் கூடாது. பேராசிரியருடன் கருத்து வேறுபாடு கொண்ட மாணவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். தேர்வுக் குழுவினர் யார், ஓர் ஆய்வு தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணம் என்ன என்பவை பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். தன் மாணவரின் ஆய்வு பரிசீலனைக்கு வரும்போது குழு உறுப்பினர் விலகி நிற்பது விதியாக்கப்பட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளுக்கும் உரிய பங்கு உறுதி செய்யப்படாவிட்டால், இதுவும் நான்கைந்து பெரிய நிறுவனங்களுக்குள் சுழலும் பரிசாகிவிடும்.

இன்னொரு நிபந்தனையும் தேவை. எந்தக் கிராமத்தின் கிணறுகளை அளந்தாரோ, எந்தப் பழங்குடிக் குடியிருப்பில் தங்கிக் காட்டைக் கற்றாரோ, அந்த மக்களின் மொழியில் தன் ஆய்வின் சுருக்கத்தை எழுதி கிராம சபையிடம் அளித்தவருக்கே பரிசு என்று வரையறுக்கலாம். காட்டைக் கற்றுத் தந்த வழிகாட்டிகளின் பெயரும் அந்தப் பாராட்டுப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். அவர்களின் அறிவை நன்றியுரையின் ஒரு வரியில் அடக்கிவிடுவது ஆராய்ச்சி உலகம் நெடுநாளாகச் செய்துவரும் அநீதி.

முதலில் உதவித்தொகையை ஒழுங்காகக் கொடுங்கள், விருது அப்புறம் இருக்கட்டும் என்று மாணவர்கள் சொல்வார்களேயானால், அதில் தவறில்லை. விருது ஒருபோதும் ஊதியத்துக்கு மாற்றாகாது. சில பேரை மேடையேற்றிவிட்டு மற்றவர்களைப் பட்டினி போடுவது கௌரவமும் ஆகாது. உதவித்தொகை குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். கள ஆய்வுக்கான அனுமதி விண்ணப்பம் குறிப்பிட்ட கால வரம்புக்குள் முடிவு செய்யப்பட வேண்டும். காட்டிலும் கடலிலும் பணிபுரியும் ஆய்வாளருக்குக் காப்பீடு இருக்க வேண்டும். இந்த அடித்தளத்தின் மீது நிற்கும் விருதுக்கே அர்த்தம் உண்டு.

பருவம் பார்த்துப் பயிரிடும் நாட்டுக்கு, பருவம் பார்த்துப் பாராட்டவும் தெரிந்திருக்க வேண்டும். நாளைய நீருக்கும் காட்டுக்கும் யார் பொறுப்பேற்கப் போகிறார்கள் என்பது, இன்றைய ஆராய்ச்சி மாணவர்களில் எத்தனை பேர் இந்தத் துறையில் தங்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அறுபது வயதில் அணிவிக்கப்படும் சால்வை அந்த எண்ணிக்கையில் ஒருவரைக்கூடக் கூட்டிவிடாது. இருபத்தைந்து வயதில் கிடைக்கும் கைகொடுப்பு கூட்டும். மத்திய அரசு இதை உணர்ந்து, தேசிய அறிவியல் விருதின் ஏணிக்குக் கீழிருந்து முதல் படியை அமைக்கட்டும்.